மூன்றாவது கச்சேரி ஏன் நடக்கவில்லை?

பாறசாலைக்குப் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். அவர் மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள், சபைக் கொயரில் ஆல்ட்டோ, அதாவது பெண்களின் கீழ்க்குரல், பாடுகிறாள். கொயர் மாஸ்டருக்கு உடம்பு முடியாத நாட்களில் பிராக்டீஸ் எடுப்பது அவள்தான். இந்த வருடக் கேரல் ஆராதனையையும் அவளே நடத்தட்டும் என்று பேச்சு வந்ததும், பெண்பிள்ளை எல்லாருக்கும் முன்னால் நின்று கை வீசுவதா என்று சிலர் முகம் சுளித்தார்களாம். அன்டோனியா பிரிக்கோ என்பவர்தான் உலகின் முதல் பெண் ஆர்கெஸ்ட்ரா கண்டக்டர் என்று மகள் எங்கோ படித்துவிட்டு வந்து வாதாடியிருக்கிறாள். அது உண்மையா, அந்த அம்மாவின் வாழ்க்கை எப்படிப் போனது, கண்டக்டர் என்று ஒருவர் அப்படி என்னதான் செய்கிறார் என்பவை கேள்விகள்.

களியக்காவிளையில் பிள்ளைகளுக்கு வயலினும், டோ-ரே-மி என்று பாடும் சோல்ஃபாவும் சொல்லிக்கொடுக்கிறவன் நான். இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பைத்தியம் உண்டு. அதனால் பதில் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில்: இல்லை. பிரிக்கோவுக்கு முன்பே, இங்கிலாந்தில் ஹல் நகரில் பிறந்த எத்தெல் லெகின்ஸ்கா 1925 ஜனவரியில் கார்னெகி ஹாலில் நியூயார்க் சிம்பொனி என்ற ஆர்கெஸ்ட்ராவை நடத்திவிட்டார். சொந்தப் பெயர் லிகின்ஸ். போலந்துக்காரர் போலப் பெயர் இருந்தால்தான் பியானோ கலைஞருக்கு மதிப்பு என்று லெகின்ஸ்கா ஆக்கிக்கொண்டவர். அவருக்கும் முன்னால் ஐரோப்பாவில் பெண்கள் குழுக்களை நடத்திய பெண்கள் இருந்தார்கள். பிரிக்கோவுக்குச் சேர வேண்டிய 'முதல்'கள் வேறு. பெர்லின் இசை அகாடமியில் கண்டக்டிங் மாஸ்டர் வகுப்பை முடித்த முதல் அமெரிக்கர் அவர். 1938 ஜூலையில் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவை நடத்திய முதல் பெண்ணும் அவரே.

ஆனால் இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு மகள் சபைப் பெரியவர்களிடம் வாதாட வேண்டாம் என்பேன். பிரிக்கோவுக்கு முதல் வாய்ப்புகள் தாராளமாகவே வந்தன. 28 வயதுக்குள் பெர்லின் மேடை, அமெரிக்காவில் ஹாலிவுட் பௌல் என்ற திறந்தவெளி மேடை இரண்டும் ஏறிவிட்டார். வராமல் போனது அடுத்த வாய்ப்பு, அதற்கடுத்த வாய்ப்பு, நிலையான ஒரு வேலை. அந்தக் கதையைப் புரிந்துகொள்ள, கண்டக்டரின் வேலை என்ன என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். ஆகவே உங்கள் கடைசிக் கேள்வியை முன்னால் எடுத்துக்கொள்கிறேன்.

கோயில் உத்சவம் பார்த்தவர்களுக்குச் செண்டை மேளத்தை முன்நின்று நடத்தும் பிரமாணியைத் தெரியும். உருட்டுச் செண்டைக்காரர்கள் வரிசையின் நடுவில் நிற்பார். எதிரே குழல்காரர்கள், அவர்களுக்குப் பின்னால் கொம்புகள். பிரமாணியின் முதுகுப்பக்கம் வீக்கன் செண்டையும் இலத்தாளமும். பஞ்சாரி மேளம் 96 அட்சரத்தில் மெள்ளத் தொடங்கி 48, 24, 12, 6 என்று இறுகிக்கொண்டே போகும். எந்த இடத்தில் காலம் மாற வேண்டும், எப்போது ஏற்ற வேண்டும், எவ்வளவு நேரம் இழுக்கலாம் என்பதெல்லாம் பிரமாணியின் கோலிலும் முகத்திலும் இருக்கும். நூறு பேருக்கு மேல் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கண்டக்டரின் அதிகாரமும் ஏறக்குறைய இதுதான். வித்தியாசம் இரண்டு. பிரமாணி தானும் கொட்டுகிறார், கண்டக்டரோ ஒரு சத்தமும் எழுப்புவதில்லை. அடுத்தது, பிரமாணியின் கோல் இசையோடு சேர்ந்து விழுகிறது, கண்டக்டரின் கை இசைக்கு ஓர் அடி முன்னால் போகிறது.

இந்த இரண்டாவது வித்தியாசம்தான் தொழிலின் உயிர். கண்டக்டர் தாளம் போடுகிறார் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். தாளம் போடுகிற கை வந்துவிட்ட அடியைக் காட்டும். கண்டக்டரின் கை வரப்போகிற அடியைச் சொல்லும். பாட்டு தொடங்குவதற்கு முன் கை ஒரு தடவை மேலே எழுகிறதே, அந்த எழும்பலுக்குள் வேகம், பலம், குணம் எல்லாம் அடங்கியிருக்க வேண்டும். கை விறைப்பாக எழுந்தால் கொயரும் விறைப்பாகத் தொடங்கும். கண்டக்டர் மூச்சு எடுக்காவிட்டால் பாடுகிறவர்களும் எடுக்க மாட்டார்கள், முதல் சொல் நொண்டும். வலது கை காலத்தைப் பார்த்துக்கொள்ள, இடது கை 'நீங்கள் குறையுங்கள், நீங்கள் இப்போது வாருங்கள்' என்று ஒவ்வொரு பகுதிக்கும் சொல்லும்.

நம் கொயர்கள் கிறிஸ்துமஸுக்கு விடாமல் பாடும் ஹாண்டலின் அல்லேலூயா கோரஸை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி அல்லேலூயாவுக்கு முன் எல்லாரும் சட்டென்று நின்றுவிடும் ஒரு மௌனம் வரும். எந்த ஊர்க் கொயராக இருந்தாலும் அந்த மௌனத்துக்குள் யாராவது ஒரு டெனர் அண்ணன் தனியாக 'அல்...' என்று விழுந்துவிடுவார். சபை முழுக்கச் சிரிப்பை அடக்கும். அவர் மேல் குற்றமில்லை. 'இன்னும் இல்லை' என்பதை முன்னால் நிற்பவரின் கை தெளிவாகச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இது மேடையில் தெரியும் பங்கு. பெரிய பங்கு பிராக்டீஸில் நடக்கிறது. இருபது வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஓடும் ஸ்கோரை முன்கூட்டியே படித்து மனத்துக்குள் கேட்டிருக்க வேண்டும். எண்பது பேர் வாசிக்கும்போது இரண்டாம் கிளாரினெட் அரை ஸ்வரம் தவறினால் காது பிடிக்க வேண்டும். பிடித்ததை யாரையும் நோகடிக்காமல் ஒரே வாக்கியத்தில் சொல்லித் திருத்த வேண்டும். பாட்டு எழுதியவரே நடத்த வேண்டும் என்பதும் இல்லை. 2025 மார்ச் 8 அன்று லண்டனில் இளையராஜாவின் சிம்பொனியை ராயல் ஃபில்ஹார்மோனிக் குழுவினர் வாசித்தபோது முன்னால் நின்று நடத்தியவர் மிகேல் டாம்ஸ்.

இப்போது இந்தத் தொழிலின் விசித்திரமான கஷ்டத்துக்கு வருவோம். வயலின் கற்கும் பிள்ளைக்கு மேடை கிடைக்காவிட்டாலும் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு நாளைக்கு ஆறு மணி நேரம் சாதகம் பண்ணலாம். பியானோவுக்கும் அப்படியே. கண்டக்டருக்கு வாத்தியமே எண்பது மனிதர்கள். அவர்களை ஒரு மணி நேரம் உட்காரவைக்கச் சம்பளம் வேண்டும், ஹால் வேண்டும், யாராவது ஒரு கமிட்டியின் கையெழுத்து வேண்டும். கமிட்டி மறுத்துவிட்டால் மேடையோடு சாதகமும் போய்விடும். பத்து வருடம் வாய்ப்பில்லாமல் இருந்த பியானோக்காரர் பத்து வருடம் வாசித்தவராகவே திரும்பி வருவார். கண்டக்டர் அப்படி வர முடியாது. பிறகு அதே கமிட்டி, 'அந்த அம்மாவுக்கு அனுபவம் போதாது' என்று சொல்லும். பிரிக்கோவின் வாழ்க்கை முழுவதும் இந்தச் சுழல்தான்.

பிரிக்கோ 1902 ஜூன் 26 அன்று நெதர்லாந்தில் ராட்டர்டாம் நகரில் பிறந்தார். தாய்க்குத் திருமணம் ஆகியிருக்கவில்லை. குழந்தையை வளர்க்க எடுத்துக்கொண்ட தம்பதி வில்ஹெல்மினா வோல்ட்ஹூயிஸ் என்று பெயர் வைத்து 1908-ல் கலிஃபோர்னியாவுக்குக் கொண்டுபோனார்கள். அந்த வீட்டில் அன்பு குறைவு, அடி உண்டு. நகம் கடிக்கும் பழக்கம் போகட்டும் என்று டாக்டர் சொன்னதால் பியானோ கற்கவிட்டார்கள் என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1923-ல் பட்டம் வாங்கினார். தன் பிறப்புப் பெயர் தெரியவந்ததும் அதையே வைத்துக்கொண்டார்.

1927-ல் பெர்லின் போய் அகாடமியில் சேர்ந்து, 1929-ல் கண்டக்டிங் வகுப்பை முடித்தார். கார்ல் முக்கிடம் சீடராகவும் இருந்தார். முக் அப்போது ஹாம்பர்க் ஃபில்ஹார்மோனிக்கின் தலைவர், ஜெர்மனியின் பாய்ராய்த் விழாவில் வாக்னரின் பார்சிஃபால் ஓபராவைப் பல ஆண்டுகள் நடத்தியவர். சிரிக்கத் தெரியாதவர் என்று பெயர் வாங்கிய கிழவர். அவரிடம் ஒரு பெண் சீடராக நிலைத்தாள் என்றால் வேலை தெரியாமல் நிலைத்திருக்க முடியாது. 1930 தொடக்கத்தில் பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கை நடத்தி அறிமுகமானார் பிரிக்கோ. அதே வருடக் கோடையில் ஹாலிவுட் பௌல். பத்திரிகைகள் கொண்டாடின. பிறகு ஐரோப்பாவில் ஊர் ஊராக அழைப்பு. இதுவரை கேட்டால் சினிமாக் கதை போல இருக்கும்.

1933-க்கு வருவோம். பொருளாதார வீழ்ச்சியில் வேலையிழந்த வாத்தியக்காரர்களைச் சேர்த்து நியூயார்க்கில் ஓர் ஆர்கெஸ்ட்ரா நடந்துகொண்டிருந்தது. அதை மெட்ரோபாலிட்டன் ஓபரா ஹவுஸில் நடத்த பிரிக்கோவை அழைத்தார்கள். இரண்டு கச்சேரி நல்லபடியாக நடந்தது. மூன்றாவதில் பாட வேண்டியிருந்தவர் அன்று பெரும்புகழ் பெற்றிருந்த பாரிடோன் பாடகர் ஜான் சார்ல்ஸ் தாமஸ். ஒரு பெண் நடத்தும் கச்சேரியில் பாட மாட்டேன் என்றார் அவர். பாடகரை மாற்றவில்லை, பிரிக்கோவுக்குத்தான் மூன்றாவது கச்சேரி இல்லாமல் போனது. எனக்கு அவருடைய முழு வாழ்க்கையையும் இந்த ஒரு சம்பவத்தில் பார்த்துவிடலாம் என்று தோன்றும். ஒரு தடவை, இரண்டு தடவை என்றால் வேடிக்கை பார்க்க எல்லாரும் வருவார்கள். மூன்றாவது தடவை அது வேடிக்கை அல்ல, வேலை. அங்கேதான் கதவு சாத்தப்படுகிறது.

சரி, கூப்பிடாவிட்டால் நானே ஒரு குழுவை உண்டாக்குகிறேன் என்று 1934-ல் நியூயார்க் பெண்கள் சிம்பொனியைத் தொடங்கினார். அன்றைய அமெரிக்க ஜனாதிபதியின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் போன்றவர்கள் ஆதரித்தார்கள். வயலின், செல்லோ வாசிக்கப் பெண்கள் நிறையக் கிடைத்தார்கள். கொம்பு, ட்யூபா, டிம்பனி வாசிப்பவர்களைத் தேடிப் பிடிப்பதுதான் பாடு. தேடினார், கிடைத்தார்கள். பெண்ணால் ஊத முடியாது, அடிக்க முடியாது என்ற பேச்சுக்கு மேடையிலேயே பதில் வந்துவிட்டது. நாட்டின் பெரிய ஆர்கெஸ்ட்ராக்களில் பெண் வாத்தியக்காரர்களை விரல்விட்டு எண்ணிய காலம் அது.

நம்மைச் சுற்றியும் இப்படி ஒன்று நடக்கிறது, கவனித்திருப்பீர்கள். கேரளத்தில் பெண்கள் சிங்காரி மேளக் குழுக்கள் ஊருக்கு ஊர் வந்துவிட்டன. திறப்பு விழா, கல்லூரி விழா, கட்சி ஊர்வலம் எல்லாவற்றுக்கும் அவர்களைக் கூப்பிடுகிறார்கள், நன்றாகவும் அடிக்கிறார்கள். பெரிய பூரங்களின் மேள வரிசையோ இன்னமும் பெரும்பாலும் ஆண்களுடையது. தனிக்குழு வாசலைத் திறக்கும். கூடத்துக்குள் உட்காரவைக்குமா என்பது வேறு விஷயம். பிரிக்கோவுக்கு இது தெரிந்திருந்தது. பெண்களால் முடியும் என்று காட்டியாகிவிட்டது, இனி ஆண்களையும் சேர்ப்போம், திறமைதான் கணக்கு என்று 1939-ல் குழுவைக் கலப்புக் குழுவாக மாற்றினார். பெயரும் பிரிக்கோ சிம்பொனி என்றானது. நியாயமான முடிவு. ஆனால் புதுமை போனதும் புரவலர்களின் ஆர்வமும் போனது, குழு நீடிக்கவில்லை.

இதற்கு நடுவில்தான் 1938 ஜூலை. நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கின் கோடைக் கச்சேரி, லூயிசன் ஸ்டேடியம் என்ற திறந்தவெளி அரங்கம். கோடைக் கச்சேரி என்பதைக் கவனியுங்கள். கார்னெகி ஹாலில் சந்தாதாரர்களுக்கு நடக்கும் முறைப் பருவத்தில் அல்ல. அங்கே யார் நடத்துவது என்பதில் பெரும் செல்வாக்கு ஆர்தர் ஜட்சனுடையது. ஒரே ஆள் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கின் மேனேஜர், கலைஞர்களுக்கு வாய்ப்பு பிடித்துத் தரும் கொலம்பியா கச்சேரி நிறுவனத்தின் தலைவர், 1935 வரை ஃபிலடெல்ஃபியா ஆர்கெஸ்ட்ராவின் மேனேஜரும்கூட. கடைக்காரரும் தரகரும் ஒரே ஆளாக இருந்தால் விலை எப்படிப் போகும்? ஒரு பெண் கண்டக்டருக்காக அவர் விரலை அசைத்தால் போதும், அசைக்கவில்லை. சந்தா கட்டும் சீமாட்டிகளுக்குப் பெண் கண்டக்டர் பிடிக்காது என்பது அவர் தரப்பு. பழியைப் பெண்கள் தலையிலேயே போட்டுவிட்டார்.

போர் வந்தது, ஐரோப்பாவின் அழைப்புகள் நின்றன. 1942-ல் பிரிக்கோ கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரில் குடியேறினார். அங்கே டென்வர் சிம்பொனியின் தலைமைப் பதவி காலியாகும், தனக்குக் கிடைக்கும் என்ற நம்பிக்கை அவருக்கு இருந்தது. பெர்லின், ஹாம்பர்க், நியூயார்க் எல்லாம் நடத்தியவர் உள்ளூரிலேயே இருக்கிறார், வேறென்ன வேண்டும்? 1945-ல் பதவி சால் காஸ்டனுக்குப் போனது. பிரிக்கோவுக்கு 43 வயது. கண்டக்டர்களுக்கு அதுதான் நல்ல காலம் தொடங்கும் வயது.

அதற்குப் பிறகு டென்வரிலேயே பியானோ சொல்லிக்கொடுத்தார், சர்ச் கொயர்களைப் பயிற்றுவித்தார், பாஹ் இசைக்காக ஒரு சங்கம் நடத்தினார். 1948 முதல் ஊர்க்காரர்கள் மாலை நேரத்தில் கூடி வாசிக்கும் ஓர் அமெச்சூர் ஆர்கெஸ்ட்ரா அவர் கைக்கு வந்தது. பெயரே பிசினஸ்மென்ஸ் ஆர்கெஸ்ட்ரா! பகலில் கடை, ஆபீஸ், வக்கீல் வேலை. சாயங்காலம் வயலின். முப்பது வருடங்களுக்கு மேல் அவர்களை நடத்தினார். பிற்பாடு அதுவே பிரிக்கோ சிம்பொனி ஆனது, இன்று டென்வர் ஃபில்ஹார்மோனிக் என்ற பெயரில் இருக்கிறது. நடுவில் பின்லாந்தின் இசையமைப்பாளர் சிபெலியஸின் அழைப்பில் ஹெல்சிங்கி போய் நடத்தினார். ஆப்பிரிக்காவின் லாம்பரேனேயில் ஆல்பர்ட் ஷ்வைட்சரின் ஆஸ்பத்திரிக்குச் சில கோடைகள் போய் அவரிடம் பாஹைப் பற்றிக் கேட்டுக் கற்றார். ஷ்வைட்சரை நம் சபைக்காரர்கள் மிஷனரி டாக்டராகத்தான் அறிவார்கள். அவர் பெரிய ஆர்கன் கலைஞர், பாஹைப் பற்றித் தடித்த புத்தகம் எழுதியவர்.

இந்த அமெச்சூர் காலத்தைப் பலர் தோல்வி என்று எழுதுகிறார்கள். எனக்கு அப்படி ஒரேயடியாகச் சொல்ல மனம் வரவில்லை. வாரா வாரம் ஒரு குழுவின் முன் நின்று, திருத்தி, மறுபடி வாசிக்கவைத்து, முப்பது வருடம். கண்டக்டருக்கு வேண்டிய மணிநேரங்கள் அவை. ஆனால் அவர் திருப்தியாக இருந்தார் என்று சொன்னால் அது பொய். வருடத்துக்கு நாலைந்து கச்சேரிதான் கிடைக்கிறது, மாதத்துக்கு அத்தனை நடத்த எனக்குத் தெம்பிருக்கிறது என்று கேமரா முன்னாலேயே குமுறியிருக்கிறார்.

அந்தக் கேமரா எப்படி வந்தது என்பதும் ஒரு கதை. டென்வரில் அவரிடம் பியானோ கற்ற சிறுமி ஒருத்தி 13 வயதில் மொசார்ட்டின் இரட்டைப் பியானோ கான்செர்ட்டோவைப் பொதுமேடையில் வாசித்தாள். பிறகு கிட்டாரைத் தூக்கிக்கொண்டு நாட்டுப்பாடல் பக்கம் போய்விட்டாள். டீச்சருக்கு அது பெரிய ஏமாற்றம். அந்தச் சிறுமிதான் அமெரிக்கா முழுதும் பெயர் பெற்ற பாடகி ஜூடி காலின்ஸ். அவர் ஜில் காட்மிலோவோடு சேர்ந்து தன் பழைய டீச்சரைப் பற்றி எடுத்த ஆவணப்படம் 1974-ல் வெளிவந்து ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. படம் பார்த்தவர்கள் இப்படி ஒருவர் இருந்தும் விட்டுவிட்டோமே என்றார்கள். 1975-ல் ஹாலிவுட் பௌல் மறுபடி அழைத்தது, நியூயார்க்கின் லிங்கன் சென்டரில் மொசார்ட் விழாவுக்கு அழைத்தார்கள், கொலம்பியா ரெக்கார்ட்ஸ் இசைத்தட்டு வெளியிட்டது. அவருக்கு வயது 73. பெர்லினுக்கும் இதற்கும் இடையே 45 வருடம். 1989 ஆகஸ்ட் 3 அன்று டென்வரில் காலமானார்.

அதே 1989-ல் பணத்தட்டுப்பாட்டில் டென்வர் சிம்பொனியும் மூடப்பட்டது. அதன் வாத்தியக்காரர்கள் சேர்ந்து கொலராடோ சிம்பொனி என்று புதிதாகத் தொடங்கினார்கள். 1993-ல் அதன் தலைமைக்கு வந்தவர் மரின் ஆல்சப், ஒரு பெண். பிரிக்கோ ஏங்கிய அதே ஊர், ஏறக்குறைய அதே நாற்காலி.

ஆல்சப்பின் பாதையையும் மகளுக்குச் சொல்லுங்கள், அதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. அப்பா, அம்மா இருவரும் நியூயார்க்கில் பாலே ஆர்கெஸ்ட்ராவில் வாசித்தவர்கள். ஒன்பது வயதில் புகழ்பெற்ற கண்டக்டர் லெனார்ட் பெர்ன்ஸ்டைனின் கச்சேரியைப் பார்த்துவிட்டுக் கண்டக்டர் ஆவேன் என்றார். நியூயார்க்கின் ஜூலியார்ட் இசைக் கல்லூரியில் கண்டக்டிங் படிப்புக்கு இடம் கிடைக்கவில்லை. அவர் செய்தது என்ன? 1984-ல் கான்கார்டியா என்று சொந்தக் குழுவே தொடங்கிவிட்டார். பணம் தந்தவர் ஆடைத் தொழில் செய்த ஜப்பானியர் டோமியோ டாக்கி. கமிட்டிகளிடம் கேட்டு வாங்க முடியாத மணிநேரங்களை அப்படி உண்டாக்கிக்கொண்டார். பிறகுதான் பெர்ன்ஸ்டைனிடம் பயிற்சி, கொலராடோ எல்லாம். 2007-ல் பால்டிமோர் சிம்பொனியின் தலைவரானபோது அமெரிக்காவின் பெரிய ஆர்கெஸ்ட்ரா ஒன்றுக்குத் தலைமை ஏற்ற முதல் பெண் என்று எழுதினார்கள். அவரை நியமித்த செய்தி வந்ததும் அங்குள்ள வாத்தியக்காரர்களே வெளிப்படையாக முணுமுணுத்தார்கள் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். 2013-ல் லண்டனில் ப்ராம்ஸ் இசைவிழாவின் கடைசி இரவை நடத்தினார், பெண் ஒருவர் நடத்தியது அதுவே முதல் முறை. இவற்றையெல்லாம்விட 2002-ல் அவர் டாக்கியின் பெயரில் இளம் பெண் கண்டக்டர்களுக்கு ஏற்படுத்திய உதவித்திட்டத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். அதில் வந்தவர்களுக்கு உண்மையான ஆர்கெஸ்ட்ராவின் முன் நிற்க நேரம் கிடைக்கிறது.

சோவியத் ரஷ்யாவில் இன்னொரு விதம். வெரோனிகா துதரோவா 1947-லேயே மாஸ்கோ அரசு ஆர்கெஸ்ட்ராவில் துணைக் கண்டக்டர், 1960 முதல் 1989 வரை அதற்குத் தலைவர். அமெரிக்காவில் பிரிக்கோ வருடத்துக்கு நாலைந்து கச்சேரியோடு ஏங்கிக்கொண்டிருந்த அதே வருடங்களில் துதரோவா சம்பளத்துக்கு வாரா வாரம் நடத்திக்கொண்டிருந்தார். அரசியல் விமரிசனம் எதையும் நான் இங்கே பேச வரவில்லை. நிலையான வேலை இருந்தால் கலைஞர் எப்படி வளர்கிறார் என்பதற்கு அது சாட்சி. பிரான்ஸின் நாடியா பூலாஞ்சே வேறு ரகம். அவர் முதலில் உலகப் புகழ் பெற்ற ஆசிரியை, கண்டக்டர் பிறகுதான். 1938-ல் பாஸ்டன் சிம்பொனியை நடத்தப் போனபோது பெண்ணாக இருந்து நடத்துவது எப்படி இருக்கிறது என்று நிருபர்கள் கேட்டார்கள். ஐம்பது வருடமாகப் பெண்ணாகத்தான் இருக்கிறேன், ஆரம்பத்து ஆச்சரியமெல்லாம் போய்விட்டது என்கிற மாதிரி பதில் சொல்லி அனுப்பினார். உங்கள் சபைப் பெரியவர்களுக்கு அந்தப் பதில் வேண்டாம், பகை வளரும்.

ஏன் இன்னமும் எண்ணிக்கை குறைவு என்று அடுத்த கேள்வி வரும் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். வாத்தியக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும்போது திரைக்குப் பின்னால் உட்காரவைத்து வாசிக்கச் சொல்லும் வழக்கம் 1970-களில் அமெரிக்காவில் பரவியது. ஆணா பெண்ணா என்று தெரியாது, காதுதான் முடிவு செய்யும். பெண்கள் மளமளவென்று உள்ளே வந்தார்கள். வியன்னா ஃபில்ஹார்மோனிக் மட்டும் 1997 வரை பெண்ணை உறுப்பினராக ஏற்கவில்லை. அதன் முதல் பெண் உறுப்பினரான ஹார்ப் கலைஞர் அன்னா லெல்கெஸ் அதற்கு முன் இருபது வருடங்களுக்கு மேல் அங்கேயே வாசித்துக்கொண்டிருந்தவர்! கண்டக்டருக்கு இந்தத் திரை உதவாது. உடம்பு, கை, முகம் தெரிந்தால்தான் அந்த வேலையே நடக்கும். பார்ப்பவர் மனத்தில் கண்டக்டர் என்றால் ஒரு கிழவனார் உருவம் இருந்தால் அதைத் தாண்டித்தான் அந்தப் பெண் தெரிய வேண்டும்.

தாண்டி வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். பிரிக்கோ, முக்கிடம் பயின்ற ஹாம்பர்க்கில் 2005-ல் ஆஸ்திரேலியாவின் சிமோன் யங் தலைமைக்கு வந்தார். முக் கோலோச்சிய பாய்ராய்த்தில் 2021-ல் உக்ரைனின் ஒக்சானா லினிவ் முதல் பெண்ணாக நடத்தினார். துபாயில் ஏ.ஆர். ரஹ்மான் வழிகாட்டிய ஃபிர்தௌஸ் பெண்கள் ஆர்கெஸ்ட்ராவைத் தொடக்கத்தில் நடத்தியவர் யாஸ்மினா சப்பா. வளைகுடாவில் நம் ஊர்க்காரர்கள் இல்லாத தெரு கிடையாது, உங்கள் சொந்தக்காரர் யாராவது நேரிலேயே பார்த்திருக்கக்கூடும்.

இனி உங்கள் மகள். ஆல்ட்டோ பாடுகிறாள் என்பது நல்ல தொடக்கம். சோப்ரானோவுக்கு மெட்டு மட்டும் கேட்டால் போதும். ஆல்ட்டோ நடுவில் நின்று மேலும் கீழும் கேட்டே ஆக வேண்டும், கண்டக்டருக்கு வேண்டிய காது அதுதான். சோல்ஃபாவில் பாடிப் பழகியிருப்பாள். உடனே ஐந்துகோட்டு நொட்டேஷனுக்கு மாறச் சொல்லுங்கள். நான்கு குரலையும் ஒரே பக்கத்தில் கண்ணால் பார்க்க அது வேண்டும். கீபோர்டில் டெனரையும் பாஸையும் மட்டும் வாசித்துக்கொண்டு தன் வாயால் ஆல்ட்டோ பாடிப் பழகட்டும். எழும்பும் அந்த முன்னடியைப் பாட்டே இல்லாமல் கண்ணாடி முன் பழகி, போனில் வீடியோ எடுத்துச் சத்தத்தை அணைத்துப் பார்க்கட்டும். வேகம் என்ன, மென்மையா பலமா என்பது சத்தமில்லாமலே தெரிந்தால் கை பேசுகிறது. பிராக்டீஸில் நிறுத்தும்போது 'சரியில்லை, மறுபடி' என்று சொல்லக் கூடாது. எந்தக் குரல், எந்தச் சொல், என்ன பிழை என்று சொல்லிவிட்டுத்தான் மறுபடி. ஆண்கள், பெரியவர்கள், மாமா முறைக்காரர்கள் எல்லாம் கேட்பார்களா என்று பயப்படுவாள். பிழையைச் சரியான இடத்தில் சுட்டிக்காட்டுகிறவரைக் கொயர் கேட்கும், வயதைப் பிறகுதான் பார்க்கும். இதை முறையாகப் படிக்க ஆசைப்பட்டால் திருவனந்தபுரத்தில் மேற்கத்திய இசை ஆசிரியர்கள் இருக்கிறார்கள். சென்னையில் ரஹ்மானின் கே.எம். இசைக் கல்லூரி இருக்கிறது.

கேரல் ஆராதனையை அவள் நடத்துவதா என்று இப்போது நடக்கும் சண்டையில் நீங்கள் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலும் பரவாயில்லை என்பது என் எண்ணம். அது ஒரு சாயங்காலம். கைதட்டுவார்கள், போட்டோ எடுப்பார்கள், அடுத்த வாரம் பழையபடி பின்வரிசைக்கு அனுப்பிவிடுவார்கள். நீங்கள் விடாமல் கேட்க வேண்டியது பிராக்டீஸ் நேரத்தை. ஜனவரியில் கொயருக்குப் புது அட்டவணை போடும்போது மாதத்துக்கு இரண்டு பிராக்டீஸ் அவள் பொறுப்பு என்று எழுதி வாங்குங்கள். அடுத்து வரும் பெரிய வெள்ளிக்கிழமைப் பாடல்களில் இரண்டை முதலிலிருந்து கடைசிவரை அவளே பழக்கட்டும். கொயர் மாஸ்டர் உடம்பு தேறித் திரும்பி வந்த பிறகும் அந்த இரண்டு நாள் அவளுடையதாகவே இருக்க வேண்டும். இதை அவரிடம் இப்போதே, கேரல் பரபரப்பு தொடங்கும் முன்பே, நீங்கள் நேரில் போய்ப் பேசிவிடுங்கள்.